அரசுப் பள்ளிக்குக் கணித, அறிவியல் ஆசிரியர்: நிதி திரட்டுவது முதல் பயிற்சி வரை முழுமையான வழிகாட்டி

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இல்லை, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாமே என்று பேச்சு கிளம்பியிருந்தால், இது உங்களுக்காக எழுதியது. ஒரு பள்ளிக்கு ஓரிரு ஆசிரியரை வெளிப்பணத்தில் நியமித்து, அவர்களைப் பாடம் நடத்தத் தயார்ப்படுத்தி, இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க வைப்பது எப்படி என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது.

பெரும்பாலான குழுக்கள் வாட்ஸ்அப்பில் பணம் கேட்பதில் ஆரம்பிக்கின்றன, கொஞ்சம் சேர்ந்ததும் தெரிந்த ஒருவரைக் கொண்டுவருகின்றன, கடைசியில்தான் அனுமதி கேட்கப் போகின்றன. பயிற்சி என்ற பேச்சே வருவதில்லை. இந்த வரிசை தலைகீழ். முதலில் காலியிடம், அப்புறம் அனுமதி, அப்புறம் செலவுக் கணக்கு, அப்புறம் பணம், ஆள் அதற்குப் பிறகுதான். பயிற்சிக்கான பணம் முதல் நாளிலிருந்தே பட்ஜெட்டில் தனி வரியாக நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் வகுப்பில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார், கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வராது.

1. டிசம்பரில் ஆரம்பியுங்கள்

ஜூனில் பள்ளி திறக்கிறது என்பதால் மே மாதம் கூட்டம் போடுகிறார்கள். அது ரொம்பத் தாமதம். அனுமதிக்கு ஒரு மாதம், பணம் சேர மூன்று மாதம், ஆள் தேட ஒரு மாதம், பள்ளி திறக்கும் முன் பயிற்சிக்கு ஒரு வாரம் என்று பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால் அரையாண்டு விடுமுறையில் வந்து நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல ஆசிரியர்கள் ஏப்ரலிலேயே அடுத்த வருடத்துக்குத் தனியார் பள்ளியில் வாக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜூலையில் தேடினால் வேறு பள்ளியிலிருந்து பாதி வருடத்தில் ஒருவரை இழுக்க வேண்டிவரும். அங்கே இருக்கிற பிள்ளைகளும் பிள்ளைகள்தானே.

2. காலியிடத்தை எழுத்தில் வாங்குங்கள்

"எங்க பள்ளியில சயின்ஸுக்கு ஆளே இல்ல" என்று ஊரில் சொல்வதை வைத்து எதையும் தொடங்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவர்கள்.

மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம். தாவரவியல் படித்த பட்டதாரி ஆசிரியர்தான் மின்னோட்டவியலும் நடத்துகிறார், மோல் கணக்கும் போடுகிறார். அப்படிப்பட்ட பள்ளியில் காகிதப்படி காலியிடமே இருக்காது. அங்கே புது ஆள் தேவைப்படாமல் இருக்கலாம், இருக்கிற ஆசிரியருக்கு இயற்பியலில் பயிற்சி கொடுத்தாலே போதும், செலவும் பல மடங்கு குறையும். நிறையப் பேர் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

எந்த நிலை ஆசிரியர் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர், பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். இரண்டையும் ஒருவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்து எடுத்தால் இரண்டும் கெடும்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். போன ஆகஸ்டில் உங்கள் பள்ளி எண்ணிக்கை எவ்வளவு, அந்த நிர்ணயத்தில் பணியிடம் கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். எண்ணிக்கைப்படி ஒரு பணியிடம் வரவேண்டியிருந்தும் வரவில்லை என்றால், பணம் திரட்டுவதோடு சேர்த்து அதற்கும் மனு கொடுங்கள். அரசு தரவேண்டிய நிரந்தரப் பணியிடத்தைக் கேட்காமல் விட்டுவிட்டு நாம் தற்காலிகமாக நிரப்பிக்கொண்டே போவது பிள்ளைகளுக்கு நல்லதல்ல.

3. தீர்மானமும் அனுமதியும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட வைக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் இந்தக் குழுவின் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று இருக்கிறது, அதனால் இது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து ஆகிவிடக் கூடாது, பெற்றோர் வந்து உட்கார்ந்து பேசட்டும். எந்தப் பாடம், எந்த வகுப்பு, எவ்வளவு காலம், சம்பளம் யார் தருவது, நியமனம் முழுக்கத் தற்காலிகம் ஆகிய ஐந்தும் தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

அந்த நகலோடு தலைமை ஆசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று முறைப்படி போய் எழுத்துபூர்வமான அனுமதி வாங்குங்கள். "சொல்லிட்டேன், சரின்னாரு" என்பது அனுமதி ஆகாது. அலுவலர் மாறுவார், தலைமை ஆசிரியர் மாறுவார், காகிதம் இருந்தால்தான் அடுத்தவரிடம் காட்ட முடியும். வகுப்பில் ஏதாவது நடந்தால், "இவர் யார், எப்படி உள்ளே வந்தார்" என்ற கேள்வி முதலில் தலைமை ஆசிரியர் மீதுதான் விழும். அவரை அந்த நிலையில் விடாதீர்கள்.

பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வசூல் கிடையாது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். இது எழுதப்படாத இடங்களில் "ஆளுக்கு ஐம்பது ரூபாய்" என்று ஆரம்பித்துவிடும்.

4. இரண்டு வருடக் கணக்கு போடுங்கள்

ஒரு வருடத்துக்கு மட்டும் பணம் திரட்டாதீர்கள். புது ஆசிரியருக்கு முதல் வருடம் பாடப்புத்தகத்தோடும் வகுப்போடும் பழகுவதிலேயே போய்விடும். இரண்டாம் வருடத்தில்தான் பலன் தெரியும்.

சம்பளத்துக்கு ஓர் அளவுகோல்: 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது அரசு முதலில் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தது, பிறகு அதை 12,000, 15,000, 18,000 ஆக உயர்த்தியது. இதற்குக் கீழே போகாதீர்கள். கணிதமும் இயற்பியலும் படித்தவருக்கு டியூஷன் சென்டர் முதல் ஐடி வேலை வரை வேறு வழிகள் இருக்கின்றன. குறைந்த சம்பளத்தில் வருபவர் வேறு வேலை கிடைக்கும் வரைதான் இருப்பார்.

ஒரு முதுகலைக் கணித ஆசிரியருக்கு உதாரணக் கணக்கு போடுவோம். மாதம் 20,000 வீதம் 24 மாதத்துக்கு 4,80,000. பயிற்சிக்கு 60,000. கற்பித்தல் சாமான்களுக்கு 30,000. ஆள் மாறினாலோ நன்கொடை தாமதமானாலோ சமாளிக்க மூன்று மாதச் சம்பளம், அதாவது 60,000 கையிருப்பு. மொத்தம் 6,30,000, மாதத்துக்கு 26,250 ரூபாய்.

மாதம் ஆயிரம் ரூபாய் தருபவர்கள் 27 பேர் கிடைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. நான்கில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவார் என்றே கணக்கு வையுங்கள். 35 பேரைச் சேர்த்தால் முக்கால்வாசிப் பேர் தொடர்ந்தாலும் அதே 26,250 கைக்கு வந்துவிடும்.

மே மாதச் சம்பளத்தை வெட்டிப் பணம் மிச்சப்படுத்தாதீர்கள். பத்து மாதச் சம்பளம் என்றால் விடுமுறையில் அவர் வேறு வேலை தேடுவார், ஜூனில் நீங்கள் மறுபடி முதல் படியில் நிற்பீர்கள்.

ஒரு வருடச் செலவு முழுவதும் வங்கியில் விழுந்த பிறகே விளம்பரம் கொடுங்கள். வாக்குறுதியைப் பணமாக எண்ணாதீர்கள். மூன்றாவது மாதம் சம்பளம் தள்ளிப்போனால் அந்த ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம் அது.

5. பணம் எந்தக் கணக்கில், யாரிடமிருந்து

தனி ஆள் கணக்கில் ஒருபோதும் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. யூபிஐ எண் கொடுப்பது சுலபம்தான், ஆனால் வரவு அவருடைய வருமானமாகத் தெரியும், ஊரில் பேச்சும் வரும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கு, அல்லது பதிவு செய்த முன்னாள் மாணவர் சங்கத்தின் கணக்கு, இரண்டில் ஒன்று. சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும், குறைந்தது ஏழு பேர் வேண்டும். கணக்கை இருவர் சேர்ந்து கையெழுத்திட்டு இயக்கட்டும்.

அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' தளம் வழியாகவும் பள்ளிக்கு நன்கொடை தரலாம். கட்டடம், பொருள்களுக்கு அது நல்ல வழி. மாதச் சம்பளத்துக்குப் பொருந்துமா என்பதைத் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்க, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து தரும் ஒவ்வொருவரிடமும் இந்தியப் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்க சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

நன்கொடை தருபவருக்கான 80ஜி வரிச்சலுகையைக் காட்டிப் பணம் கேட்பதில் இப்போது பெரிய பலன் இல்லை. புதிய வரி முறைக்கு மாறிய சம்பளக்காரர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பள்ளியின் தேவையைச் சொல்லியே கேளுங்கள்.

6. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம்

நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நேற்று பதிவு செய்த சங்கத்துக்கு அந்தப் பணம் வராது. வருமான வரித் துறையின் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி பதிவுகள் வேண்டும், இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும், நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். புதியவர்கள் இவை எல்லாம் உள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து போவதே நல்லது.

கம்பெனிக்காரர்களுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடிகிற பொருள்களில்தான் ஆர்வம் அதிகம், ஸ்மார்ட் போர்டு தருகிறோம் என்பார்கள். பாடம் நடத்த ஆள் இல்லாத அறையில் ஸ்மார்ட் போர்டால் ஒரு பயனும் இல்லை என்பதை நேராகவே சொல்லுங்கள். சம்பளத்துக்குத் தயங்கினால் பயிற்சிச் செலவையும் ஆய்வகச் செலவையும் அவர்களிடம் கேட்டுவிட்டு, முன்னாள் மாணவர் பணத்தைச் சம்பளத்துக்கு வையுங்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் ஜனவரிக்குள் திட்டம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

7. ஆளைத் தேர்ந்தெடுப்பது

தேர்வுக் குழுவில் தலைமை ஆசிரியர், மேலாண்மைக் குழுத் தலைவர், வேறு பள்ளியிலிருந்து அதே பாட ஆசிரியர் ஒருவர், இந்த மூவர் போதும். பணம் கொடுத்தவர்கள் கூடாது. கொடுத்தவர் உட்கார்ந்தால் "நம்ம தெருப் பொண்ணுதான், போட்டுக்கலாம்" என்று வரும், ஊரில் சாதிக் கணக்கும் சேர்ந்துகொள்ளும், வெளியூர்ப் பாட ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

தகுதி: பாடத்தில் பட்டம், பி.எட்., எட்டாம் வகுப்பு வரை நடத்துபவர் என்றால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவருக்கு முன்னுரிமை. பக்கத்துக் கிராமங்களில் கல்யாணமாகி வந்து, எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள், துண்டறிக்கையைப் பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு நேரத்துக்குப் பஸ் இருக்கிறதா என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி விட்டுப்போனால் மூன்று மாதத்தில் ராஜினாமா வரும்.

மதிப்பெண் சான்றிதழை விட இரண்டு சோதனைகள் அதிகம் சொல்லும். ஒன்று, உண்மையான வகுப்பில் இருபது நிமிடம் பாடம். இரண்டாவது, ஒரு பிள்ளையின் தப்பான விடையைக் கொடுத்துக் கேட்பது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, அது என்ன நினைத்து அப்படி எழுதியிருக்கும், நீங்கள் என்ன செய்வீர்கள்? "தப்புன்னு சொல்லி சரியா போட்டுக் காட்டுவேன்" என்பவரை விட, "மேலே இருக்கிறதை மேலேயும் கீழே இருக்கிறதைக் கீழேயும் கூட்டியிருக்கு, அரையே ஐந்தில் இரண்டை விடப் பெரிசுன்னு முதல்ல ஒரு ரொட்டியை வெச்சுக் காட்டுவேன்" என்பவரை எடுங்கள், அவர் மதிப்பெண் குறைவாக இருந்தாலும்.

8. நியமனக் கடிதம்

ஒரே பக்கம் போதும். காலம், சம்பளத் தேதி, விடுப்பு, விலக வேண்டுமானால் ஒரு மாத அறிவிப்பு, அதே பிள்ளைகளுக்குக் காசு வாங்கி டியூஷன் எடுக்கக் கூடாது என்பது. காவல்துறைச் சரிபார்ப்பும் வாங்குங்கள், குழந்தைகள் பாதுகாப்பு விஷயத்தில் தெரிந்தவர் தெரியாதவர் என்ற வித்தியாசமே வேண்டாம். சம்பளம் வங்கி வழியாக மட்டும்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சில தனியார் பள்ளிகளில் நடக்கிற இந்தப் பழக்கம் ஆளைக் கட்டிப்போடுவதற்காக, அப்படிக் கட்டிப்போட்ட ஆசிரியர் மனசோடு பாடம் நடத்த மாட்டார். ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதப் போகிறேன் என்றால் விடுப்பு கொடுத்து அனுப்புங்கள். அவர் தேர்வாகி இன்னொரு அரசுப் பள்ளிக்குப் போனால் அங்கேயும் பிள்ளைகள் பயனடைவார்கள்.

9. பயிற்சி: நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய படி

பயிற்சி என்றவுடன் ஒரு நாள் மண்டபம் பிடித்து, சிறப்புப் பேச்சாளரைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். அதில் வகுப்பறையில் எதுவும் மாறாது. அந்த 60,000 ரூபாயைக் கீழ்க்கண்ட மாதிரி பிரியுங்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம். புது ஆசிரியரைப் பாடப்புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைத் தானே போட வையுங்கள், பரிசோதனைகளைத் தானே செய்ய வையுங்கள். எந்தப் பாடத்தில் அவர் தடுமாறுகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரியல்காரர்கள் ஒளியியலிலும் மின்னோட்டவியலிலும் திணறுவார்கள், இயற்பியல்காரர்கள் மரபியலில். திணறுகிற இரண்டு பாடங்களை மட்டும் எடுத்து அந்த வாரம் முழுக்க உழையுங்கள், எல்லாவற்றையும் தொடாதீர்கள்.

ஜூன் முதல் இரண்டு வாரம். பிள்ளைகளுக்கு ஓர் அடிப்படைத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு என்றாலும் கேள்விகள் ஐந்தாம் வகுப்பு அளவில் இருக்கட்டும்: வகுத்தல், பின்னம், குறை எண்கள், அளவுகளை மாற்றுவது. வகுத்தல் வராத பிள்ளைக்கு முக்கோணவியல் நடத்தும் ஆசிரியர் அந்த வருடம் முழுக்கச் சுவரோடு பேசுகிறார். யாருக்கு எது வரவில்லை என்ற பட்டியல் கையில் இருந்தால் தினமும் முதல் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கலாம்.

வழிகாட்டி ஆசிரியர். பயிற்சிப் பணத்தின் பெரும்பகுதி இவருக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் இருக்கும், ஓய்வுபெற்ற, அதே பாட ஆசிரியர் ஒருவர் வந்து வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். காலாண்டுத் தேர்வு வரை வாரம் ஒரு முறை, அதன் பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வருகைக்கு 750 ரூபாயும் பஸ் செலவும் கொடுங்கள், இலவசமாக வரச் சொன்னால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். வகுப்பு முடிந்ததும் இருவரும் அரை மணி நேரம் பேச வேண்டும், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பத்துக் குறை சொன்னால் பத்தும் அப்படியே இருக்கும். பார்த்ததைத் தலைமை ஆசிரியரிடம் புகாராகக் கொண்டுபோகக் கூடாது என்பதை வழிகாட்டி ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் புது ஆசிரியர் அவர் முன்னால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆய்வகம். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 20. இருந்தும் பூட்டிய ஆய்வகங்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் பயம்தான்: கருவி உடைந்தால் யார் பொறுப்பு, அமிலம் தெறித்தால் என்ன செய்வது. உடைந்த சோதனைக்குழாய்க்கு ஆசிரியர் பொறுப்பில்லை, சாமான் நிதியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீர்த்த அமிலம் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. வெப்பம் சட்டென்று கிளம்பி அமிலம் முகத்தில் தெறிக்கும். இதையெல்லாம் வழிகாட்டி ஆசிரியர் செய்துகாட்ட, புது ஆசிரியர் அவர் முன்னால் திரும்பச் செய்ய வேண்டும்.

வெளிப் பயிற்சிகள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் தற்காலிக ஆசிரியரையும் சேர்க்க முடியுமா என்று வட்டார வள மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தையும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையையும் அணுகுங்கள். நடுநிலை வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டத்தின் கருத்தாளர்கள் எளிய பொருள்களில் பரிசோதனை செய்துகாட்டுவார்கள், அவர்கள் வரும் நாளில் உங்கள் ஆசிரியரும் கூட நிற்கட்டும். பயிற்சிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

10. ஊரிலிருந்தே ஆசிரியரை உருவாக்க

பணம் கொஞ்சம் தாராளமாக வந்தால், உங்கள் பள்ளியில் படித்து பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ முடித்த ஒருவருக்கு இரண்டு வருட பி.எட். கட்டணத்தைக் கொடுங்கள். அமெரிக்காவில் ராபர்ட் நாய்ஸ் உதவித்தொகை 2002 முதல் இப்படித்தான் நடக்கிறது. ஒரு வருட உதவிக்கு இரண்டு வருடம், தேவை அதிகம் உள்ள பகுதியின் பள்ளியில் கணிதமோ அறிவியலோ நடத்த வேண்டும், இல்லாவிட்டால் பணம் கடனாக மாறிவிடும்.

நம் ஊருக்கு அந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு வருடத்துக்கு ஒரு வருடம் என்று வைக்கலாம். திருப்பித் தரவேண்டி வந்தால் மீதிக் காலத்துக்கு மட்டும், வட்டியில்லாமல், தவணையில். அரசு வேலை கிடைத்துப் போனால் முழுத் தள்ளுபடி. இதை எழுதாமல் பெரிய மனதோடு பணம் கொடுத்துவிட்டு அப்புறம் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது இரு பக்கமும் கசப்பு.

11. நடுவில் நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டால்

பொது மாறுதல் கலந்தாய்விலோ புது நியமனத்திலோ ஒருவர் வரலாம். அது நல்ல செய்தி. பொதுத்தேர்வு வகுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் ஆசிரியரை ஏப்ரல் வரை ஆறு, ஏழு, எட்டில் அடிப்படை வராத பிள்ளைகளுக்கு மாற்றுங்கள், உடனே நிறுத்தாதீர்கள். இந்த ஏற்பாடு மூன்றாம் படியில் சொன்ன தீர்மானத்திலேயே இருந்தால் சண்டை வராது. மிச்சப் பணத்தைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவது என்றால் கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

12. கொடுத்தவர்களுக்கு என்ன காட்டுவது

மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள்: வரவு செலவு, பாடம் நடந்த நாட்கள், வழிகாட்டி ஆசிரியர் வந்த நாட்கள், ஜூன் அடிப்படைத் தேர்வையே டிசம்பரில் திரும்ப வைத்ததில் எத்தனை பிள்ளைகளுக்கு வகுத்தல் வந்திருக்கிறது என்பது. தேர்ச்சி விகிதத்தைக் காட்டிப் பணம் கேட்காதீர்கள். அதைக் கேட்க ஆரம்பித்தால் ஆசிரியர் தேறுகிற பிள்ளைகளை மட்டும் பார்ப்பார், பின்பெஞ்சுக்காரர்கள் மறுபடி கைவிடப்படுவார்கள். பிள்ளைகளின் புகைப்படமும் வேண்டாம்.

அடுத்த வருடம் தொடர்வீர்களா என்று ஒவ்வொருவரிடமும் டிசம்பரிலேயே கேட்டு, ஜனவரியில் ஆசிரியரிடம் பதிலைச் சொல்லிவிடுங்கள். தீர்மானம், அனுமதிக் கடிதம், நியமனக் கடிதம், வங்கிப் புத்தக நகல், அடிப்படைத் தேர்வுப் பட்டியல் ஆகியவற்றை இரண்டு கோப்புகளாகப் போட்டு, ஒன்றைத் தலைமை ஆசிரியர் அறையிலும் மற்றதைச் சங்கச் செயலாளரிடமும் வையுங்கள்.